தவணை

ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குக் குடிபோகிறவன் எதிலிருந்து தொடங்குவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெளியேறிய அனுபவம் எங்கள் சமூகத்துக்கு நிறைய உண்டு. ஆறுதலாக இருந்து யோசித்து, ஆயத்தமாகி வெளிக்கிட்ட அனுபவம் குறைவு. ஆகவே நான் ஓர் எண்பது பக்கக் கொப்பி வாங்கினேன். ஆசிரியத் தொழிலில் இருபது வருடங்களுக்கு மேல் கழித்தவனுக்குத் தெரிந்த வழி அதுதான். பாடக்குறிப்பு எழுதுவது போல வாரம் வாரமாகக் கோடு போட்டேன். செய்ய வேண்டியது ஒரு நிரலில், செய்து முடிந்தது அடுத்த நிரலில்.

போகிற தூரம் பெரிதல்ல. வடமேல் மாகாணத்தின் புத்தளம் மாவட்டத்திலிருந்து வட மாகாணத்தின் மன்னார் மாவட்டத்துக்கு, அதிலும் அதன் தெற்கு மூலையில் உள்ள முசலிக்கு. வரைபடத்தில் கையை வைத்தால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது வில்பத்துக் காடு மட்டுந்தான். ஆனால் சாமான் ஏற்றிய லொறி நொச்சியாகம, அநுராதபுரம், மதவாச்சி என்று கிழக்கே போய், பிறகு மேற்கே திரும்பி, செட்டிகுளம் பக்கமாக முருங்கன் வந்து, அங்கிருந்து தெற்கே சிலாவத்துறைக்கு இறங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது போல.

கொப்பியின் முதல் பக்கத்தில் தலைப்பு எழுதுவதிலேயே வீட்டில் கருத்து வேற்றுமை வந்துவிட்டது. உம்மாவுக்கு இது "ஊருக்குப் போறது". என் மனைவிக்கு "வீடு மாறுறது". அவளும் இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் வெளியேற்றம் நடந்தபோது அவள் கைக்குழந்தை, ஊர் அவளுடைய கண்ணில் இல்லை. கல்வித் திணைக்களத்தின் கடிதத்தில் இது மாகாணங்களுக்கிடையிலான இடமாற்றம். பிரதேச செயலகத்துப் படிவத்தில் மீள்குடியேற்றம். உயர்தரம் படிக்கும் மகளிடம் கேட்டேன். அவள் சொன்னாள்:

"நீங்க திரும்பிப் போறீங்க வாப்பா. நான் புத்தளத்துல பிறந்த பிள்ளை. நான் எங்க திரும்புறது?"

தலைப்பை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்த தவணை இரண்டு மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்தில் அது சில நாட்கள். எவ்வளவு பணம், எத்தனை பை கொண்டு போகலாம் என்பதும் இடத்துக்கிடம் மாறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. இதையெல்லாம் நம்மவர்கள் கவிதையிலும் கதையிலும் நினைவுக் குறிப்பிலும் எழுதியிருக்கிறார்கள். நான் மறுபடி எழுதப் புகவில்லை. "தவணை" என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

பாடசாலையில் எங்களுக்கு முதலாம் தவணை, இரண்டாம் தவணை, மூன்றாம் தவணை என்று வருடம் ஓடுகிறது. கடைக்காரனுக்குத் தவணை என்றால் கடன் திருப்பும் நாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் உம்மாவின் முகம் மாறும். அவருக்குத் தவணை என்பது மற்றவன் குறித்துக் கொடுத்த நாள். அந்த நாட்களில் எதைக் கொண்டு வந்தோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதைச் செய்து முடிக்காமல் வந்தோம் என்று கேட்கிறவர்கள் குறைவு. வாப்பா ஊரில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அவருக்குக் கடன் கொடுக்க வேண்டியவர்களின் பெயர்கள் ஒரு கொப்பியில் இருந்தன. அவர் கொடுக்க வேண்டிய கடன்கள் மனதில் இருந்தன. கொப்பி கடையோடு போய்விட்டது. மனதில் இருந்தது அவரோடு கற்பிட்டிக்கு வந்தது.

மன்னார்ப் பெரியகடைப் பக்கத்தில் ஒரு தமிழ் வியாபாரியிடம் அவர் சாமான் எடுத்திருந்தார். பாக்கி 3,400 ரூபாய். ஆலங்குடாப் பக்கத்தில் கிடுகுக் குடிலில் இருந்த காலத்தில் நிவாரண அரிசியை அளக்கும்போதுகூட அந்தக் கணக்கைச் சொல்லுவார். உம்மாவுக்குக் கோபம் வரும். "நம்மளத் துரத்திப்போட்டாங்க, நீங்க கடனப் பத்திப் பேசுறீங்க" என்பார். "துரத்தினது அந்த மனுசன் இல்லயே" என்பது வாப்பாவின் பதில். 2002இல் யுத்த நிறுத்தம் வந்தது. அடுத்த வருடம் அவர் மன்னாருக்குப் போய் விசாரித்தார். அந்த வியாபாரியின் குடும்பமும் 1990இல் படகேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் வருடக் கணக்கில் இருந்து, திரும்பி வந்திருந்தது. வியாபாரி அங்கேயே இறந்துவிட்டார். மகன் இருந்தார். "காக்கா, அந்தக் கணக்கை அப்பா தன்னோட கொண்டு போயிற்றார், விடுங்கோ" என்றாராம். வாப்பா விடவில்லை. காசை மேசையில் வைத்து, ஹலாலாக்கிக் கொள்ளச் சொல்லி, அவர் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தார். அன்று இரவு வாப்பா நன்றாக நித்திரை கொண்டார் என்று உம்மா இப்போதும் சொல்லுவார்.

ஆயத்தம் என்பதற்கு எனக்கு வாப்பா காட்டித் தந்த பொருள் இது. பெட்டி கட்டுவது அதில் கடைசி வேலை. ஓர் இடத்தை விட்டுப் போகிறவன் அந்த இடத்தோடு உள்ள கணக்குகளைத் தீர்க்க வேண்டும். அதற்குத்தான் நேரம் வேண்டும். 1990இல் எங்களிடமிருந்து பறிக்கப்பட்டவற்றுள் அந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஸீறாவைப் படிக்கும்போதும் இது தெரிகிறது. ஹிஜ்ரத்தைப் பற்றி மேடைகளில் பேசுகிறபோது குகையும் சிலந்தியும் முன்னுக்கு வருகின்றன. ஆனால் ஹதீஸ் நூல்களில் காணக்கூடியது மிக நிதானமான ஓர் ஏற்பாடு. அபூபக்ர் (ரழி) இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதங்களாகத் தீனி போட்டுத் தயார்படுத்தியிருந்தார். வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் முஸ்லிம் அல்லாதவர். ஆனால் பாதை தெரிந்தவர், நம்பத்தகுந்தவர். மூன்று இரவுகள் கழித்து ஒட்டகங்களோடு வரும்படி அவரிடம் நாளும் இடமும் சொல்லப்பட்டிருந்தது. பகலில் மக்காவின் செய்தியைக் கேட்டு இரவில் குகைக்குக் கொண்டு வர அபூபக்ரின் மகன் அப்துல்லாஹ், பாலுக்காக ஆடுகளை ஓட்டி வர ஆமிர் இப்னு புஹைரா, உணவுப் பையைக் கட்டத் தன் இடுப்புக் கச்சையைக் கிழித்துக் கொடுக்க அஸ்மா (ரழி). எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கத்து மக்கள் நபிகளாரிடம் (ஸல்) ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரழி) பின்னால் நிறுத்தப்பட்டார். கொல்லத் தேடுகிறவர்களின் ஊரிலும் கணக்குத் தீர்க்கப்பட்டது.

திரும்புதலைப் பற்றியும் ஸீறாவில் இருக்கிறது. மக்காவுக்குத் திரும்பி வந்த வேளையில் எங்கே தங்குவீர்கள் என்று நபிகளாரிடம் கேட்கப்பட்டது. அகீல் நமக்கு ஏதாவது வீட்டை விட்டு வைத்திருக்கிறாரா என்ற கருத்தில் அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இந்த ஹதீஸை வடபுலத்து முஸ்லிம் ஒருவன் சாதாரணமாக வாசித்துப் போக முடியாது. சொந்த ஊருக்குத் திரும்பியும் தங்குவதற்குச் சொந்த வீடு இல்லை. மக்கா கைக்கு வந்த பிறகு அன்சாரிகளுக்குப் பயம் வந்தது, இனி இவர் தம் ஊரிலேயே தங்கிவிடுவாரோ என்று. தம் வாழ்வும் மரணமும் அவர்களோடுதான் என்று நபிகளார் உறுதி சொல்லி மதீனாவுக்குத் திரும்பினார்கள்.

இந்தக் கடைசிப் பகுதியை எங்கள் ஊர்க் கூட்டமொன்றில் நான் சொன்னபோது ஒருவர் எழும்பி, "அப்ப புத்தளத்துலயே இருக்கச் சொல்றீங்களா சேர்?" என்று கேட்டார். அப்படியல்ல. ஊருக்குத் திரும்புவது எங்கள் உரிமை, அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அடைக்கலம் தந்த ஊருக்கும் நமக்கும் உள்ள உறவு, லொறி புறப்படுகிற நாளோடு முடிகிற ஒன்றல்ல என்பதற்காகச் சொன்னேன்.

இனிக் கொப்பிக்கு வருகிறேன். முதல் பத்துப் பக்கங்களும் கடதாசி வேலை.

மாகாணம் விட்டு மாகாணம் போகிற ஆசிரியனை ஒரு மாகாணம் விடுவிக்க வேண்டும், மற்றது ஏற்க வேண்டும். இரண்டும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும். விடுவிப்பதற்கான கடிதங்கள் குருநாகலுக்குப் போய்ச் சிங்களத்தில் திரும்பி வரும். ஏற்பதற்கான கடிதங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழில் வரும். என் தனிப்பட்ட கோவையில் இருக்க வேண்டிய நியமனக் கடிதம், பயிற்சிக் கலாசாலைச் சான்றிதழ், தரவுயர்வுக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள் எடுத்து மூன்று உறைகளில் போட்டிருக்கிறேன். உம்மாவின் பிறப்புச் சான்றிதழ் எங்களிடம் இல்லை. 1990இல் விடுபட்டவற்றுள் அதுவும் ஒன்று. அதற்கு மன்னார்க் கச்சேரியில் பதிவுப் புத்தகத்தைத் தேடி மனுக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்தது காணி. வாப்பா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு எடுத்து வந்தது வளவின் உறுதி ஒன்றைத்தான். வயல் காணிக்கு அரசாங்க அனுமதிப்பத்திரம். அதன் பிரதி கூட எங்களிடம் இருக்கவில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி ஒருவர் மற்றவருடைய தனியார் காணியில் பத்து வருடம் இடையறாது, எதிர்த்து ஆண்டிருந்தால் உரிமை கோரலாம். பத்தொன்பது வருடம் ஊர்ப்பக்கம் போக முடியாதவனுக்கு இந்தச் சட்டம் எவ்வளவு கொடுமை என்பதை விளக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு விசேட ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்பது அதன் சாரம். எங்கள் வளவை எவரும் பிடித்திருக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டம் இருப்பதே தெரியாதவர்கள் எங்களில் பலர். கூட்டங்களில் நான் இதைத் தமிழில் எழுதி வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

தனியார் காணியை விடப் பெரிய சிக்கல் காடு. ஊரைவிட்டுப் போன காலத்தில் வளவுகளிலும் வயல்களிலும் மரங்கள் வளர்ந்துவிட்டன. 2012 ஒக்டோபரில் வெளியான வர்த்தமானி ஒன்று மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்து நிலங்களை ஒதுக்கக் காடாகப் பிரகடனம் செய்தது. 2017 மார்ச்சில் முசலிப் பகுதியின் ஒதுக்கக் காடுகளைச் சேர்த்து 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் மாவில்லு பேணற்காடு என்று ஆயிற்று. தெற்கில் இதை வில்பத்து அழிப்பு என்று எழுதினார்கள். எங்கள் மக்களுக்கு இது உப்பாவின் தென்னை நின்ற இடம். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மாணவர்களுக்கு நானே அதைப் படிப்பிக்கிறேன். ஆனால் குடிமக்கள் துரத்தப்பட்ட இடத்தில் வளர்ந்த மரத்துக்கும், ஆதியிலிருந்து நிற்கும் மரத்துக்கும் வேறுபாடு பார்க்காமல் மேலிருந்து கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குள் கிணறும் பள்ளிவாசலும் மையவாடியும் அகப்பட்டுவிடும்.

இது முஸ்லிம்களின் துயரம் மட்டும் என்றும் நான் எழுத மாட்டேன். எங்களுக்குத் தெற்கே முள்ளிக்குளம் கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம். அந்த மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டார்கள், ஊர் கடற்படை முகாமாயிற்று. 2017இல் அவர்கள் பல வாரங்கள் தெருவோரத்தில் இருந்து காணி கேட்டுப் போராடினார்கள். அந்த நாட்களில் அவ்வழியால் போன ஒரு பயணத்தில் நானும் இறங்கி அவர்களோடு கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு கிழவி என்னிடம் "நீங்க எந்த ஊர் தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல" என்றார்.

கொப்பியின் அடுத்த பகுதி வாக்காளர் இடாப்பு. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். பதிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாக்கு, அங்கேதான் பிள்ளைகளுக்குப் பாடசாலை அனுமதி, நிவாரணம். மன்னாரில் பதிந்து புத்தளத்தில் வாழ்ந்தவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறினார்கள். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தலன்று விடியற்காலையில் அப்படிப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் வைத்துச் சுட்டார்கள். உயிர் எதுவும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எங்கள் தெருவிலிருந்தும் ஆட்கள் அந்தத் தேர்தலுக்குப் போனார்கள். வாக்களித்துவிட்டு அன்று இரவே திரும்பி வந்தார்கள்.

இந்த "இரு இடத்து வாழ்க்கை"யைத்தான் எங்கள் மீது குற்றமாகச் சொல்கிறார்கள். அங்கே பதிந்துவிட்டு இங்கே இருக்கிறார்கள், வீட்டுத் திட்டத்துக்காகப் பெயர் கொடுக்கிறார்கள், உண்மையில் திரும்ப விருப்பமில்லாதவர்கள் என்று. அதிகாரிகள் சொன்னார்கள், பத்திரிகைகள் எழுதின, நம்மவர்களும் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2009க்குப் பிறகு ஊருக்குப் போனவர்கள் கண்டது என்ன? மிதிவெடி அகற்றி முடியாத காணி, கூரை இல்லாத பாடசாலை, வைத்தியர் இல்லாத வைத்தியசாலை, பின்னேரம் ஆனால் யானை. அப்படிப்பட்ட இடத்துக்குக் கைக்குழந்தையையும் நோயாளியையும் முதல் நாளே கொண்டு போகிறவன் தகப்பனா? ஒருவர் போய்க் காடு வெட்டுவார். மற்றவர் இங்கே இருந்து உப்பளத்திலோ வெங்காயத் தோட்டத்திலோ உழைத்துக் காசு அனுப்புவார். மழைக்கு முன் வயல், பிறகு பிள்ளைகளின் பரீட்சை, பிறகு கிணறு. இது ஏமாற்று அல்ல. ஆயத்தம் இப்படித்தான் இருக்கும். வெளியேற்றுவதற்கு இரண்டு மணித்தியாலமும் இரண்டு நாளும் போதுமாக இருந்தது. திரும்பிக் குடியேறுவதற்கு ஒரு தலைமுறை பிடிக்கிறது. அந்த ஒரு தலைமுறைக் காலத்தையும் "இன்னும் போகவில்லை" என்ற ஒரு வரியில் எழுதிவிடக் கூடாது.

எங்கள் வளவில் 2015இல் இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் எழும்பின. சீட்டுக் காசும் என் சம்பளக் கடனும் மனைவியின் இரண்டு காப்பும் அதில் இருக்கின்றன. பழைய கிணற்றுக்குள் மூன்று மரங்கள் வேர் விட்டிருந்தன. போன ஆவணியில் தண்ணீர் ஆக அடியில் இருந்த நேரம் பார்த்து இறைத்து, சேறு அள்ளி, கட்டுக்கு மேல் சீமெந்து பூசினோம். தண்ணீர் கொஞ்சம் சவர்தான். குளிக்க, கழுவப் போதும். குடிக்க மழைத்தண்ணீர்த் தொட்டி கட்ட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் பீலி பூட்டியாக வேண்டும் என்று கொப்பியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். ஊரின் பாடசாலைக்கும் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் குறைவு. இரண்டு ஆண்டுகளை ஒரே வகுப்பறையில் வைத்துப் படிப்பிக்க வேண்டி வரும். அதற்கும் தனிப் பாடத்திட்டம் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

மகளின் விஷயத்தில்தான் கொப்பி பல தடவை அடிபட்டது. அவளுக்கு உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம். அவள் எடுத்த பாடங்களுக்கு முசலியில் ஆசிரியர் இல்லை. ஆகவே அவள் என் மாமியோடு புத்தளத்தில் நிற்பாள் என்று முடிவு. நான், மனைவி, உம்மா, சின்ன மகன் நால்வரும் போகிறோம். "அப்ப நாங்களும் ரெண்டு இடத்து ஆக்கள்தானே" என்று மகள் சிரித்தாள். ஆம் என்றேன். படித்து முடித்த பிறகு அவள் எங்கே வாழ்வாள் என்பதை அவள் தீர்மானிக்கட்டும். அவளுடைய ஊர் எது என்பதை நான் குறித்துக் கொடுக்கப் போவதில்லை. ஒருவருக்கு அவருடைய ஊர் எது, எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று இன்னொருவர் குறித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீடு நன்றாக அறியும்.

மிச்சமிருப்பது புத்தளத்தின் கணக்கு.

1990 இறுதியில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கிய சனங்களுக்கு இந்த மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் திறந்து விட்டார்கள். அரசாங்கம் வருமுன் இவர்கள் சோறு சமைத்தார்கள். வருடங்கள் போகப் போக உரசல்களும் வந்தன. கிணற்றுத் தண்ணீர், தோட்டக் கூலி, பாடசாலை அனுமதி, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி எல்லாவற்றிலும் பங்கு கேட்க இன்னோர் ஆயிரக்கணக்கானோர் வந்தால் உரசல் வராமல் இருக்காது. எங்கள் பிள்ளைகளை "அகதி" என்று கூப்பிட்ட வாய்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்த கைகளும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நாங்கள்தான் கடன்காரர்.

வாப்பா 2014இல் மௌத்தானார். இந்த ஊரின் மையவாடியில், இந்த ஊரார் வெட்டிய கபுறில் இருக்கிறார். அவரை ஊருக்குக் கொண்டு போக முடியாது. உம்மாவுக்கு இருக்கிற ஒரே தயக்கம் இதுதான். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு என்னிடம் கேட்டார்:

"மகன், நான் அங்க மௌத்தானா, என்னை எங்க அடக்குவீங்க?"

"எங்க உம்மா விருப்பம்?"

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மௌத்து எங்க வருதோ அங்கதான் மகன். ஜனாஸாவத் தூக்கிட்டு ரோட்டு ரோட்டா அலையக் கூடாது. நாங்க அலஞ்சது காணும்."

அதைக் கொப்பியில் எழுதவில்லை. எழுதாமலே நினைவிருக்கும்.

கடைசி வாரத்துக்கான பக்கத்தில் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. முதல் குடிலுக்குக் கிடுகு தந்த தோட்டத்துக்காரரின் பிள்ளைகள். உம்மாவுக்கு இரவில் ஊசி போட வந்த தாதி, அவர் சிங்களப் பெண், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். இரவல் வாங்கிய புத்தகங்களின் சொந்தக்காரர்கள். என்னோடு ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவர்கள், அவர்களில் ஒருவரோடு சில வருடமாகப் பேச்சில்லை. கடைக் கணக்கு இரண்டு. பால்காரர். பக்கத்து வீடுகள் எட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் நானும் மனைவியுமாகப் போய், கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, சொன்ன சொல்லுக்கும் செய்த குறைக்கும் ஹலால் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வீட்டுக்கு மேல் போக முடியாது, போகிற இடமெல்லாம் தேத்தண்ணி குடிக்க வேண்டி வரும். அதற்கு ஒரு கிழமை ஒதுக்கியிருக்கிறேன். வாப்பாவின் கபுறுக்கு ஸலாம் சொல்லப் போவது வியாழக்கிழமை பின்னேரம், உம்மாவுக்காக.

மூன்றாம் தவணை விடுமுறை தொடங்கி இரண்டாவது சனிக்கிழமைதான் நாங்கள் எங்களுக்குக் குறித்திருக்கிற தவணை. மழை கடுமையாக இருந்தால் அதற்கு அடுத்த சனிக்கிழமை. லொறிக்காரர் சாமத்திலேயே ஏற்றி அநுராதபுரத்தை விடியுமுன் தாண்டிவிடலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளியில் ஸுபஹ் தொழுது, தொழுகைக்கு வந்தவர்களோடு முஸாபஹா செய்து, மகள் ஊற்றுகிற தேத்தண்ணியைக் குடித்து, வெளிச்சம் வந்த பிறகு வெளிக்கிட்டால் போதும். அவசரம் ஒன்றும் இல்லை.